பன்னிரண்டாவது ஓட்டு

மழை பெய்தால் எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் தெரியும். அங்கே ஜன்னல் கிடையாது. வெறும் சுவர். வெயிலில் பார்த்தால் வெள்ளைச் சுண்ணாம்புதான். மழை நனைத்த கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பு தண்ணீர் குடித்து மங்கிப்போகும். அடியில் இருக்கிற நீலம் மேலே வரும். முதலில் இடது பக்கக் கீழ் மூலை தெரியும். அப்புறம் சட்டம். அப்புறம் நடுக்கம்பிகள். கடைசியில் இரண்டு கதவு, பாதி திறந்து வைத்த மாதிரி. சுவர் காய்ந்தால் போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் நாள் கணக்காகப் போகாது. அந்தப் பக்கம் ஒரு கல் கிடக்கிறது. நேற்று வரை நான் அதில் உட்கார்ந்ததில்லை. என் வீட்டுக்காரி அதில்தான் உட்கார்ந்து மீன் ஆய்வாள்.

அந்த ஜன்னலை வரைந்தவர் என் அக்கா புருஷன். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மாப்ள என்பார். அவரைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் அஞ்சாவது வரை படித்த ஆள். காரைக்கால் கடலில் தொழில் பார்த்தவன். எழுத்து என் வேலை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை ஊர் முன்னால் ஒரு முறை மாற்றிச் சொல்லிவிட்டேன். அதைச் சரியாகச் சொல்லப் போன இடத்தில் கேட்க ஆள் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பதினெட்டு வருஷம் நானும் மாமாவும் ஒரே பைபர் படகில் போனோம். படகு அவருடையது. அவர் பின்னால் இன்ஜின் பிடிப்பார், நான் முன்னால் வலை. கடலுக்குப் போவதற்கு முன்னால் தினமும் முகம் மழித்துக்கொள்வார். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கேலி செய்தால், "மீனு கடைசியா பாக்கற மூஞ்சி. அதுவாச்சும் சுத்தமா இருக்கட்டும்டா" என்பார். சோறு கட்டி வந்த செய்தித்தாளைச் சோற்றுக்கு முன்னால் பிரித்துப் படிப்பார். எண்ணெய்க் கறை பட்ட செய்தியைக்கூட வெயிலுக்கு எதிரே பிடித்துப் படித்து முடிப்பார். எதையும் எண்ணாமல் விடமாட்டார். கரைக்கு வந்த நண்டைக்கூட எண்ணித்தான் கூடையில் போடுவார். "எண்ணாம விட்டா மீனுன்னாலும் அழுகிப்போவும், மனுசன்னாலும் அழுகிப்போவும் மாப்ள" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது ஒரு பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன்.

சட்டசபைத் தேர்தல் வந்தால் எங்கள் தொகுதியில் நிற்பவர் எப்போதும் வயல் பக்கத்து ஆள்தான். மாலையோடு எங்கள் ஊருக்கு வருவார்கள். கருவாட்டு வாசத்துக்கு மூக்கைச் சுருக்காமல் இருக்கப் பாடுபடுவார்கள். அப்புறம் அஞ்சு வருஷம் வரமாட்டார்கள். அந்த வருஷம் ஒரு கட்சி வேறு மாதிரி சொன்னது. கடற்கரை ஊர்கள் சேர்ந்து ஒரே ஆளைக் காட்டினால் அவருக்கே சீட் என்றது. பக்கத்து ஊர்க்காரர்கள், நீங்கள்தான் பெரிய ஊர், நீங்களே ஒரு ஆளை முடிவு செய்யுங்கள், எங்கள் ஓட்டும் அவருக்குத்தான் என்று விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் முன்னுக்கு வந்தார்கள். ஒருவர் விசைப்படகு முதலாளி. மூன்று படகு வைத்திருந்தார். ஊரில் பாதி ஆண்கள் அந்தப் படகுகளில்தான் ஏறினார்கள். இன்னொருவர் மாமா.

எங்கள் ஊரில் எதை முடிவு செய்தாலும் மாரியம்மன் கோவில் திடலில் நின்றுதான் முடிவு. சீட்டு எழுதிப் போடுகிற வழக்கம் இல்லை. வடக்கே ஒரு வரிசை, தெற்கே ஒரு வரிசை. யார் எந்தப் பக்கம் என்று எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு ஆள். கல்யாணமான ஆண் இருக்கிற குடும்பம் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி அந்தக் கணக்கில்தான் வாங்குவார்கள். புருஷன் செத்துப்போனால் அந்த வீட்டுப் பேரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். வரியும் இல்லை, வரிசையும் இல்லை. அதை ஒரு சலுகை என்றுதான் ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கு வரிசை கட்டுவதற்கு முன்னால் மாமா எழுந்தார். "தொழிலுக்குப் போன எடத்துல புருஷனைக் குடுத்த வீடு நம்ம ஊர்ல முப்பது இருக்கு. அவங்க எந்தப் பக்கம் நிக்கிறது?" என்று கேட்டார்.

பஞ்சாயத்துத் தலைவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அவங்க வீட்டுல யாருப்பா இருக்கா நிக்கிறதுக்கு?" என்றார்.

"அவங்கதான் இருக்காங்க."

திடல் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "பொம்பளைங்கள நம்பித்தான் நிக்கிறேன்னா நீயும் ஒரு சேலையக் கட்டிக்கிட்டு வாய்யா!" என்று கத்தினான். மாமா திரும்பிப் பார்த்து, "உங்கூட்டுச் சேலை நல்லாருந்தா எடுத்துட்டு வா, கட்டிக்கிறேன்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூடையோடு நின்றிருந்த பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

நான் மாமாவின் வரிசையில் நின்றேன். சொந்தக்காரன் அங்கே நிற்பதில் தப்பு சொல்ல யாரும் இல்லை. தலை எண்ணினார்கள். இருபத்திரண்டு தலை வித்தியாசத்தில் மாமா தோற்றார். தோற்றவர் ஜெயித்தவரின் கையைப் பிடித்துத் தூக்கி, சாமி முன்னால் விபூதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு ஊர் ஒன்றாகிவிடும். அப்புறம் எதிர்த்து யாரும் ஓட்டுப் போடக்கூடாது. முதலாளி கையை நீட்டினார். மாமா தொடவில்லை. "இன்னும் எண்ணி முடிக்கல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தார். நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். கையில் ஒரு பேப்பர். சுயேச்சையாக நிற்கப் போகிறேன், பத்து வாக்காளர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். பேப்பரில் ஒன்பது கையெழுத்து இருந்தது. ஒன்பதும் பெண்கள். கணக்கில் இல்லாத வீட்டுப் பெண்கள். கூடை சுமந்து மீன் விற்கிறவர்கள். சிலர் எழுத்தை எழுதாமல் படம் மாதிரி வரைந்திருந்தார்கள்.

"பத்தாவது ஒரு ஆம்பளை பேரா இருந்தா நல்லாருக்கும் மாப்ள. இல்லாட்டி இதையும் பொம்பளைப் பேச்சுன்னு தள்ளிடுவானுவ."

"பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருக்கு மாமா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? தட்டு மாத்துனதே நான்தானே. வேணாம்னா வேணாம்டா" என்று பேப்பரை மடித்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொடுங்கள் என்று வாங்கினேன். பேனாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "படிச்சுட்டுப் போடு. நாளைக்கு என்மேல பழி சொல்லாத" என்று சிரித்தார். நான் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். ரொம்ப நேரம் ஆனது. 'முன்மொழிகிறேன்' என்ற இடத்தில் நாக்கு சிக்கியது. "மூச்சு விட்டுப் படிடா, எங்க போவுது?" என்றார். என் வீட்டுக்காரி வறுத்த கடலையைக் கொண்டுவந்து வைத்தாள். நான் படித்து முடிக்கிறவரை அவர் கடலையை உரித்துக்கொண்டிருந்தார். முழுக்கப் படித்தேன். புரிந்துதான் படித்தேன். அப்புறம் கையெழுத்துப் போட்டேன்.

மனு பரிசீலனை முடிந்தது. ஏற்றுக்கொண்டார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போன முதலாளி ஆட்கள் முன்மொழிந்தவர்கள் பேரை எழுதிக்கொண்டு வந்தார்கள். அன்று சாயந்தரம் நாலு மணிக்குப் பஞ்சாயத்து கூடியது. அந்த ஒன்பது பெண்களையும் கூப்பிடவில்லை. அவர்கள் தலைக்கட்டு இல்லை. கணக்கில் இல்லாதவர்களை எந்தக் கணக்கில் தண்டிப்பது என்று பஞ்சாயத்தாருக்கே தெரியவில்லை. என்னை மட்டும் கூப்பிட்டார்கள். மாமாவையும் கூப்பிட்டார்கள்.

திடலில் மணல் சூடாக இருந்தது. பஞ்சாயத்தார் வரிசையில் மூன்றாவதாக என் பெண்ணை எடுக்கப்போகிற வீட்டுச் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மணலில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஊரை விட்டு ஒதுக்கி வைத்தால் எங்கள் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். கல்யாணம் நின்றுபோகும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அந்தக் குச்சிக்கும் தெரியும் போலிருந்தது. தலைவர் கேட்டார்: "ஊர் ஒரு ஆளைக் காட்டுனதுக்கப்பறம் இன்னொரு ஆளுக்குக் கையெழுத்துப் போட்டியா?"

நான் சொன்னேன்: "எனக்குப் படிக்க வராதுங்க. வீட்டுப் பட்டா பேப்பர்னு சொன்னாரு. நம்பிப் போட்டுட்டேன்."

நான் அஞ்சாவது வரை படித்தது அங்கே இருந்த பாதிப் பேருக்குத் தெரியும். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இரண்டு பேர் பஞ்சாயத்தில் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்தது. பொண்ணு கல்யாணம், விட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார்கள். நல்ல மனசுதான். தலைவர் மாமா பக்கம் திரும்பி, "அப்படியாப்பா?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடலை உரித்த நேரம் அளவுக்கு இருக்கும். காலையில் மழித்த முகம். வேர்வை வழிந்தது. "ஆமாங்க. நான்தான் ஏமாத்தி வாங்குனேன்" என்றார்.

அவ்வளவுதான். என்னை விட்டுவிட்டார்கள். அவரை ஒதுக்கி வைத்தார்கள். மனுவை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டதால் என் பொய் ஆபீசில் செல்லாது. ஊரில் மட்டும் செல்லும். ஊர்தான் நான் இருக்கிற இடம். மச்சானையே ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினவர் என்று அவருக்குப் பேர் வந்தது. அவரோடு யாரும் பேசக்கூடாது, கடையில் சாமான் தரக்கூடாது, அவர் படகில் ஏறக்கூடாது. மறுநாள் நான் முதலாளி படகில் ஏறினேன். எங்கள் பைபர் படகு கரையிலேயே கிடந்தது.

அவருக்கு ஜன்னல் சின்னம் கொடுத்தார்கள். ஒரு பழைய சைக்கிளில் வயல் பக்கம் எல்லாம் போய் ஓட்டுக் கேட்டார் என்று கேள்விப்பட்டேன். ஊருக்குள் ஒருவரும் அவருக்குச் சுவர் தரவில்லை. ஒரு நாள் நான் கடலிலிருந்து வரும்போது எங்கள் வீட்டுச் சுவரில் நீலமாக ஒரு ஜன்னல் இருந்தது. நல்ல வேலைப்பாடு. தூரத்திலிருந்து பார்த்தால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றும். என் வீட்டுக்காரி அதன் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"யாரு எழுதச் சொன்னது?"

"நான்தான். சுனாமிக்கப்பறம் குடுத்த வீடு எம்பேர்லதானே இருக்கு? எம்பேர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எனக்குப் படிக்க வரும்" என்றாள்.

அவள் அதற்கு முன்னாலும் பின்னாலும் என்னை அப்படிப் பேசியதில்லை.

நாளைக்குள் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து சொன்னது. மறுநாள் நானே சுண்ணாம்பு கரைத்தேன். உச்சி வெயில். நார் மட்டையால் அடித்துக்கொண்டிருந்தபோது சைக்கிள் சத்தம் கேட்டது. மாமா இறங்கி நின்றார். பேசினால் எனக்குத்தான் கெடுதல் என்று அவருக்குத் தெரியும். பேசவில்லை. நான் ஜன்னலை மேலிருந்து கீழே மூடிக்கொண்டு வந்தேன். முடித்துவிட்டு வாளியை எடுத்தேன். அவர் கையை நீட்டி இடது பக்கக் கீழ் மூலையைக் காட்டினார். அங்கே கொஞ்சம் நீலம் விட்டுப்போயிருந்தது. நான் குனிந்து அதையும் மூடினேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அந்த நீலம் எங்கள் படகுக்கு அடிக்கிற பெயிண்ட். அதன் மேல் சுண்ணாம்பு நிற்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஓட்டுப்போடும் நாள் வந்தது. எங்கள் பூத் பள்ளிக்கூடத்தில். எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை என்று எண்ணும்போது தெரிந்துவிடும். அட்டைக்குப் பின்னால் தனியாக நின்றாலும் ஊர் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. மிஷினில் ஜன்னல் கீழே இருந்தது. என் விரல் அதன் பக்கம் போனது. பெண்ணின் கல்யாணம் வைகாசியில். விரலை மேலே கொண்டுபோய் முதலாளியின் சின்னத்தை அழுத்தினேன். நீளமாகச் சத்தம் வந்தது. பக்கத்துப் பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள் நான் அழுத்தின சின்னத்தோடு ஒரு சீட்டு கொஞ்ச நேரம் நின்று, என்னைப் பார்த்துவிட்டு விழுந்தது.

முதலாளியும் ஜெயிக்கவில்லை. வயல் பக்கத்து ஆள்தான் ஜெயித்தார். அதற்கப்புறம் ஊருக்குக் கோபம் போக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. எங்கள் பூத்தில் ஜன்னலுக்குப் பன்னிரண்டு ஓட்டு. அந்த ஒன்பது பெண்களும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நாங்கதான் போட்டோம். என்ன பண்ணுவீங்க, பேரை எடுப்பீங்களா? எங்க பேருதான் இல்லியே" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஒன்பது. மாமாவும் அக்காவும் சேர்த்தால் பதினொன்று. பன்னிரண்டாவது யார் என்று கேட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோவிலில் சூடம் ஏற்றச் சொன்னார்கள். நான் போடவில்லை என்று சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன். அது உண்மை. அவ்வளவு கேவலமான உண்மையை நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை. நம்பினார்கள்.

மாமா படகை விற்றுவிட்டு அக்காவோடு திருநள்ளாறு போய்விட்டார். கோவில் பக்கம் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலை. பெண்ணின் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. முன்னால் நின்று நடத்த வேண்டியவர். கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்து, பலகாரத்தைப் பைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சனிக்கிழமை. கூட்டம். லாட்ஜில் ஒருவர் யாரோ ஒரு குடும்பத்தின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை. முகத்தில் நரைத்த தாடி. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"வா மாப்ள" என்றார். டீ வாங்கித் தந்தார். "எங்க பாத்தாலும் தண்ணிதான் இங்கயும். குளத்துல முழுகுறானுவ, துணிய விட்டுட்டுப் போறானுவ. ஆனா ஒரு அலை கெடையாது. தூக்கம் வர்றதில்ல" என்றார். பலகாரத்தில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"சூடம் அணைச்சியாமே?"

"ஆமா மாமா."

"பொண்ணுக்காவ பொய்ச் சத்தியம் பண்ணா ஆத்தா மன்னிச்சுடும்டா. மனசுல வச்சுக்காத. பன்னெண்டாவது உன்னுதுன்னு எனக்குத் தெரியும்."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தத் தாடிக்குள் பழைய முகம் கொஞ்சம் இருந்தது. நான் பேசவில்லை. டீயைக் குடித்தேன். அவர் என் முதுகில் தட்டிவிட்டு, கூப்பிடுகிறார்கள் என்று மேலே போனார். பஞ்சாயத்தில் சொன்னது வாயால் சொன்ன பொய். இது வாய் திறக்காமல் சொன்னது. இதுதான் பெரிசு.

அடுத்த தை மாதம் அக்கா போன் செய்தாள். நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நானும் வீட்டுக்காரியும் மட்டும் போனோம். ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. வரக்கூடாது. லாட்ஜ்காரர்களும் பூக்கடைக்காரர் ஒருவரும் சேர்ந்து தூக்கினார்கள். குளிப்பாட்டும்போது பிளேடு கேட்டேன். முகம் மழித்துவிடலாம் என்று. அக்கா வேண்டாம் என்றாள். "அவரு விட்டுட்டாருடா. இனிமே எந்த மீனு பாக்கப்போவுதுன்னு சொன்னாரு" என்றாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து அழுதாள். "உன்னச் சொல்லிச் சொல்லித்தான் தெம்பா இருந்தாரு. ஊர்ல ஒரு ஆம்பளையாவது எனக்குப் போட்டான், அது எம் மச்சான்னு."

நான் சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

திரும்பும்போது பஸ் வரிச்சிக்குடியில் நின்றது. இரண்டு பக்கமும் அறுப்புக்கு நின்ற வயல். அவள் ஜன்னல் ஓரம். வெளியே பார்த்துக்கொண்டே, "அது நான்" என்றாள்.

"தெரியும்" என்றேன். அவள் சுவரைக் கொடுத்த அன்றே அவள் ஓட்டு எங்கே போகும் என்று தெரியும். "அப்ப ஏன் கையப் புடிச்ச?"

"அக்காகிட்ட அது ஒண்ணுதான் மிச்சம். அதையும் புடுங்கப் பாத்தீங்களா?"

பஸ் கிளம்பியது.

பல வருஷமாயிற்று. பெண்ணுக்குப் பிள்ளைகள் பெரிசாகிவிட்டார்கள். அந்தத் தலைவர் இல்லை. சம்பந்தியும் இல்லை. முதலாளியின் படகுகள் வேறு கைக்குப் போய்விட்டன. இந்தத் தேர்தலுக்கு மறுபடியும் ஒரு ஆளைக் காட்டுவதற்குத் திடலில் கூடினோம். இந்தத் தடவை புருஷன் இல்லாத வீடும் வரிசையில் நிற்கலாம் என்று புதுப் பஞ்சாயத்து முடிவு செய்திருந்தது. மைக்கில் சொன்னார்கள். கை தட்டினார்கள். இதை முதலில் யார் கேட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

நான் எழுந்து நடுவில் போனேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. "அன்னைக்கு அவரு என்னை ஏமாத்தல. எனக்குப் படிக்க வரும். படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

தலைவர் என் பெண் வயசுப் பையன். பக்கத்தில் இருந்தவரிடம் எந்தக் கையெழுத்து என்று மெதுவாகக் கேட்டான். அவர் உதட்டைப் பிதுக்கினார். "சரிங்க பெரியப்பா. பேசிக்கலாம். இப்ப எந்தப் பக்கம் நிக்கிறீங்க? வெயில் ஏறுது பாருங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். ஊரில் ஒரு மனுஷனைக் கொன்றது நான் அன்றைக்குச் சொன்ன சொல். திருப்பி வாங்கிக்கொள்ளக்கூட அங்கே ஆள் இல்லை.

வரிசையில் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி நின்றிருந்தாள். உயிரோடு இருப்பது மூன்று பேர், அதில் ஒருத்தி. முதல் தடவையாக வரிசையில் நிற்கிறாள். கூன் விழுந்துவிட்டது. கையைக் கண்ணுக்கு மேலே வைத்து என்னைப் பார்த்தாள்.

"இப்பத்தான் படிச்சு முடிச்சியா தம்பி?" என்றாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரித்தார்கள். நான் போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் எந்த ஆளுக்கு நின்றாள் என்றுகூட நான் பார்க்கவில்லை.

அதற்கு மறுவாரம் சுவர் கேட்டு ஆள் வந்தது. நான் படுத்திருந்தேன். வீட்டுக்காரிதான் பேசினாள்.

"சுவர் சும்மாத்தானே ஆத்தா கெடக்கு? நம்ம சின்னத்த எழுதிக்கிறோம்."

"அதுல ஏற்கெனவே எழுதியிருக்குப்பா."

"எங்க? ஒண்ணுமே இல்லியே."

"மழை வரட்டும்" என்றாள்.

வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அந்தச் சுவருக்கு நானே சுண்ணாம்பு அடிப்பேன். இந்தப் பொங்கலுக்கு அடிக்கவில்லை. முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். நேற்றுக் கோடை மழை. அரை மணி நேரம்தான், ஆனால் நல்ல மழை. விட்டதும் அந்தப் பக்கம் போனேன். அவள் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். சுண்ணாம்பு தண்ணீர் குடித்து மங்கிக்கொண்டே வந்தது. முதலில் இடது பக்கக் கீழ் மூலை தெரிந்தது. மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் குனிந்த இடம். அவர் கை காட்டிய மூலை.